பேருந்துச் செயலி இருப்பிட அனுமதியை மீண்டும் கேட்காதது ஏன்?
சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது அனுமதியை மறுத்துவிட்டதாகவும், அதன்பின் செயலி கேட்கவே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது செயலியின் பிழையன்று. எந்தச் செயலியும் முதலில் தனக்குரிய அனுமதி நிலையை, கைப்பேசியை இயக்கும் மென்பொருளான இயங்குதளத்திடம் கேட்டறிகிறது. ஐபோனில் அந்நிலை 'இன்னும் தீர்மானிக்கப்படவில்லை' என்றிருந்தால் மட்டுமே கேள்விப் பெட்டி தோன்றும், ஒருமுறை மறுத்துவிட்டால், செயலி எத்தனை முறை கோரினாலும் பெட்டி வராது. ஆண்ட்ராய்டு 11 முதல் இரண்டு மறுப்புகளுக்குப் பிறகு இதே நிலைதான். ஆகவே கைப்பேசியின் அமைப்புகளுக்குச் சென்று நீங்களே மாற்ற வேண்டும்.

அங்கே 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்பதே போதும். பேருந்து நேரம் பார்க்க, செயலியைத் திறக்காதபோதும் இருப்பிடத்தை அறியவிடும் பின்னணி அனுமதி எதற்கு? ஆனால் துல்லிய இருப்பிடத்தை அணைத்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டின் தோராய இருப்பிடம் ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் பரப்பையே சுட்டுவதால், நெருக்கமாக நிறுத்தங்கள் அமைந்த சிங்கப்பூரில் உங்களுடைய நிறுத்தத்தை அது பிரித்தறியாது.