கருப்பின மக்களின் நலவாழ்வுக்கும் காலிமனைக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: அமெரிக்கக் கருப்பின மக்களின் நலவாழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் மருத்துவமனையோடு நிற்பதில்லை. தெருப் பாதுகாப்பு, "இது நம்ம இடம்" என்ற உணர்வு இவற்றையும் சேர்க்கிறார்கள். நடைமுறையில் இதற்கு என்னதான் செய்கிறார்கள்?

பல முயற்சிகள் உண்டு. முறையாகச் சோதித்துப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்: பிலடெல்பியாவின் காலிமனைச் சீரமைப்பு.

1930களில் வந்த வீட்டுக்கடன் வரைபடங்கள் கருப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு பூசி, கடன் கொடுக்க ஆபத்தானவை என்று ஒதுக்கின. வீட்டைப் பழுதுபார்க்கக்கூடப் பணம் புரளவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் ஆலைகளும் மூடின. பாழடைந்த வீடுகளை நகராட்சி இடித்தது. நகரம் முழுக்கச் சுமார் 40,000 காலிமனைகள் சேர்ந்துபோனதற்கு இதுதான் முக்கியப் பின்னணி. இரவோடு இரவாக லாரியில் டயரும் கட்டட இடிபாடும் வந்து கொட்டும். ஆளுயரப் புதர் துப்பாக்கியை ஒளித்துவைக்க வசதி. அப்படிப்பட்ட மனைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டு வாசலில் மாலையில் யார் உட்காருவார்கள்?

பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் நடத்தும் 'லேண்ட்கேர்' திட்டத்தின் வேலைமுறை எளிது. குப்பையை முழுக்க அள்ளுவார்கள். மண்ணைச் சமன் செய்வார்கள். புல் விதை, மரநார்க் கூழ், தண்ணீர் மூன்றையும் கலந்து குழாயால் பீய்ச்சுவார்கள். கையால் தூவுவதைவிடச் சீக்கிரம் தரை மூடும். சில மரக்கன்றுகளை மட்டும் நடுவார்கள், ஏனென்றால் தெருவிலிருந்து பார்த்தால் மனையின் மறுகோடி வரை தெரிய வேண்டும். கடைசியாகச் சுற்றிலும் தாழ்வான மரவேலி. அதில் ஆள் நுழைய இடைவெளி இருக்கும், லாரி நுழையாது.

இந்த வேலியைத்தான் பலரும் அலங்காரம் என்று நினைத்துச் செலவைக் குறைக்கப் பார்க்கிறார்கள். அது தப்பு. குப்பை கொட்ட வருகிறவனுக்கு "இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது" என்று சொல்வது அந்த வேலி. உயரமான கம்பிவலை போட்டால் குப்பை ஒருவேளை நிற்கலாம், ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தையும் வெளியேதான் நிற்கும்.

இது பலன் தருகிறதா என்று பார்க்க, சார்லஸ் பிரானஸ், யூஜீனியா சவுத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 541 மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு முழுச் சீரமைப்பு, இன்னொன்றுக்குக் குப்பை அகற்றலும் புல்வெட்டும் மட்டும், மூன்றாவதை அப்படியே விட்டார்கள். 2018இல் முடிவுகள் வெளிவந்தன. சீரமைத்த மனைகளின் அருகே வாழ்ந்தவர்களில் மனச்சோர்வாக உணர்கிறோம் என்றவர்கள் சுமார் 41 சதவீதம் குறைந்தார்கள். குப்பை மட்டும் அகற்றிய இடங்களில் மனநலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை சுமார் 29 சதவீதம் குறைந்தது. வெளியே உட்கார்ந்து பேசிப் பழகுவதும் கூடியது. ஒரு மனைக்கு ஏறக்குறைய 1,600 டாலர்தான் செலவு. ரோந்துக் காரைக் கண்டாலே சோதனைக்கு நிறுத்தப்படுவோமோ என்று இளைஞர்கள் அஞ்சும் தெருக்களில், யாரையும் பிடித்து நிறுத்தாமல் கிடைத்த பாதுகாப்பு இது. எனக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறில்லை.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் பராமரிப்பில். ஒருநாள் துப்புரவு முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போனால் அடுத்த கோடைக்குள் புதர் பழையபடி வந்து நிற்கும். புல் வளரும் மாதங்களில் தொடர்ந்து வெட்ட ஆளும் பணமும் முதலிலேயே ஒதுக்க வேண்டும். மரக்கன்றுகள் முதல் இரண்டு கோடைகளில் தண்ணீரில்லாமல் சாகும். இடித்த வீட்டின் செங்கல் பல இடங்களில் அடியிலேயே புதைந்திருப்பதால் குழியைப் பெரிதாகத் தோண்டி நல்ல மண் நிரப்பாவிட்டால் வேர் இறங்காது. காய்கறி போட ஆசைப்பட்டால் முதலில் மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று சோதியுங்கள். பழைய வண்ணப்பூச்சின் ஈயம் இடிபாட்டோடு மண்ணில் கலந்திருக்கும். சந்தேகமிருந்தால் புது மண் நிரப்பிய மேட்டுப்பாத்திதான் வழி.

யார் செய்கிறார்கள் என்பதும் முக்கியம். மிச்சிகன் மாநிலத்தில், கருப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஃபிளின்ட் நகரில், புல் வெட்டுவது அந்தந்தத் தெருக் குழுக்களே. அதற்கு நிலவங்கி, அதாவது கைவிடப்பட்ட மனைகளை வைத்து நிர்வகிக்கும் பொது அமைப்பு, ஊக்கத்தொகை தருகிறது. வேலையும் கூலியும் தெருவுக்குள்ளேயே தங்குகின்றன, யார் வீட்டுப் பிள்ளை யார் என்பதும் தெரிந்துவிடுகிறது.

கடைசியாகப் பட்டா விஷயம். மனை அழகானதும் விலை ஏறும், வாடகை ஏறும், பராமரித்தவர்களே வெளியேற நேரலாம். 1997இல் பிலடெல்பியா நகராட்சி பல மனைகளின் வரிபாக்கியை வசூலிக்கும் உரிமையை ஒரு வங்கிக்கு விற்றது. பல ஆண்டுகளாக மக்கள் வளர்த்த தோட்டங்கள் பின்னாளில் ஏலத்துக்கு வரும் நிலைக்கு அதுவும் காரணம். அதனால் முதல் கன்று நடும் முன்பே மனை யார் பேரில் இருக்கிறது, வரிபாக்கி எவ்வளவு என்று பதிவேட்டில் பாருங்கள். நிரந்தரமாக வைத்திருக்கும் எண்ணம் இருந்தால், பொதுநிலத்தைக் காக்கும் அறக்கட்டளை ஒன்றின் பேரில் மாற்ற முடியுமா என்று அப்போதே கேளுங்கள். பிலடெல்பியாவில் இதற்கென்றே 1986 முதல் ஓர் அறக்கட்டளை இயங்குகிறது.