பட்ஜெட் தயாரிப்பில் முகாமையாளர்களையும் சேர்த்துக்கொண்டால் அவர்களது வேலைத் திருப்தியும் செயல்திறனும் கூடுமா?

மெய்யாகவே கேட்டால் திருப்தி கூடும், அதில் சந்தேகமே இல்லை. செயல்திறன் கூடுமா என்பது, கருத்தைக் கேட்டுக்கொண்டு போன மேலதிகாரி அப்புறம் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. நான் கணக்காளன் இல்லை. இலங்கையின் ஊவா மாகாணத்தில், ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து டிவிஷன் (தோட்டத்தின் ஒரு பிரிவு) பொறுப்பும் பார்த்தவன். பட்ஜெட் பேச்சை, எங்கள் பாஷையில் எஸ்டிமேட் பேச்சை, எடுத்தாலே எனக்குப் பெருமையும் வரும், கோபமும் வரும். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக முடியவில்லை.

கேள்வி எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படிக்கிறீர்கள் போலத் தெரிகிறது. பெருந்தோட்டத் துறையை எடுத்து ஆய்வு செய்யச் சொல்லியிருப்பார்கள். அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தோட்டத்தில் வருஷ பட்ஜெட்டை எஸ்டிமேட் என்போம். வருகிற வருஷம் எந்த மலையில் (தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலத்தையும் மலை என்போம்) எவ்வளவு கொழுந்து வரும், எதைக் கவ்வாத்து வெட்டுவது (செடியைக் கத்தரிப்பது), உரம் எத்தனை தரம், புல் வெட்டவும் கான் (வடிகால்) வெட்டவும் எத்தனை ஆள், ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) எவ்வளவு விறகு என்று எல்லாம் அதில் வரும். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே கொழுந்துக் கணக்கு பிசகினால் மிச்சக் கணக்கெல்லாம் சேர்ந்து பிசகும். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போன பிறகு, இந்தக் கணக்கை வைத்துத்தான் துரைமாரையும் (தோட்ட முகாமையாளர்களையும்) அவர்களுக்குக் கீழே எங்களையும் எடை போட்டார்கள்.

நான் சேர்ந்த காலத்தில் யாரும் எங்களைக் கேட்கவில்லை. கொழும்புத் தலைமையகத்திலிருந்து டைப் அடித்த தாள் வரும். எங்கள் கம்பனிக்கு இருந்த தோட்டங்களில் பெரும்பாலானவை அட்டன், தலவாக்கலைப் பக்கம். அங்கே தென்மேற்குப் பருவ மழை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் வறட்சி. எங்கள் பக்கம் நேர்மாறு. ஜூலை, ஆகஸ்ட்டில் கச்சான் என்ற வறண்ட காற்று அடித்து மண் வெடித்துக் கிடக்கும், கொழுந்து சுருங்கும். ஆனால் அந்தக் காற்றில் வரும் தேயிலைக்குத்தான் ஊவா வாசனை. கொழும்பு ஏலத்தில் நல்ல விலை போவது அப்போதுதான். இது மலையில் நிற்கிற எவருக்கும் தெரியும். தாளில் எழுதியவருக்குத் தெரியவில்லை. எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே வீதத்தில் மாசக் கணக்கைப் பிரித்து, எங்களுக்கு ஆகஸ்ட்டில் கூட்டியும் ஜனவரியில் குறைத்தும் போட்டிருந்தார்கள். ஆகஸ்ட்டில் ஏச்சு விழும். ஜனவரியில் மழையில் நனைந்துகொண்டு கூடுதலாகக் கொழுந்து அனுப்புவோம், அதற்குப் பாராட்டு வராது. அந்த எண்ணை நாங்கள் யாரும் எங்களுடையதாக எண்ணவில்லை. குறைந்தால் "கடும் காற்று, வறட்சி" என்று ஒரு வரி எழுதி அனுப்புவதோடு சரி.

பிறகு ஒரு துரை மாறி வந்தார். சிங்களவர், தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். ஒக்டோபரில் எஸ்டிமேட் வேலை தொடங்கியதும் எங்களை ஒபிசுக்குக் கூப்பிடவில்லை, அவர் மலைக்கு வந்தார். வெளிக்கள உத்தியோகத்தர்கள், டீமேக்கர் (தேயிலைத் தயாரிப்பைப் பார்ப்பவர்), பெரிய கிளாக்கர், கங்காணிமார் (தொழிலாளரை மேற்பார்ப்பவர்கள்) எல்லோரும் கூடவே நடந்தோம். ஒவ்வொரு மலையிலும் நின்று, இதில் என்ன வரும், ஏன் அவ்வளவு, என்ன கொடுத்தால் இன்னும் வரும் என்று கேட்டார். கேட்டதை அவரே தன் பொக்கட் புத்தகத்தில் எழுதினார்.

ஏழாம் நம்பர் மலையில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் ஆய்வுக்கு அது பயன்படும். பழைய விதைத் தேயிலை மலை அது. செங்குத்தாகக் கீழே இறங்கி ஓடையில் முடியும். கொழுந்து நிறுக்கும் மடுவம் மேலே ரோட்டோரத்தில். அந்த மலையில் ஆளுக்கு விழும் கிலோ எப்போதும் குறைவு, அதனால் அங்கே நிற்கிற பெண்கள் சோம்பேறிகள் என்று ஒபிசில் ஒரு பேச்சு. கங்காணி, வயசாளி, அன்றைக்குத் துரை முகத்தைப் பார்த்தே சொன்னார்: "கொழுந்து இல்லாம இல்லங்க தொரை. பொம்பளைங்க மூணு தரம் சாக்கத் தூக்கிக்கிட்டு மேல ஏறி எறங்குறதுலயே பொழுது போயிருது. மடுவத்தக் கீழ கொண்டாங்க, அப்புறம் கணக்குப் பாருங்க."

கீழே ஒரு தகர மடுவம், படிக்கட்டு, லொறி வராத இடமென்பதால் சாக்கை மேலே ஏற்றக் கம்பிக் கயிறு. இதை நான் எஸ்டிமேட்டில் எழுதினேன். துரை ஒத்துக்கொண்டார். ஆனால் நான் கேட்டிருந்த இன்னொன்றை, டிவிஷன் முழுக்கக் கான் வெட்டுவதை, பாதியாகக் குறைத்துவிட்டார். குறைத்ததை மறைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த வருஷம் காசு இவ்வளவுதான், மடுவமும் கானும் இரண்டும் முடியாது, எந்த மலைகளுக்குக் கான் கட்டாயம் வேண்டும் என்று நீங்களே அடையாளம் போட்டுத் தாருங்கள் என்றார். போட்டுக் கொடுத்தேன். கேட்டதில் பாதி வெட்டுப்பட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போனபோது என் வேலையில் நான் மனுசனாக மதிக்கப்பட்ட உணர்வு இருந்தது. இதற்கு முன்னால் அந்த உத்தியோகத்தில் எனக்கு அப்படி இருந்ததில்லை.

மடுவம் வந்த பிறகு ஏழாம் நம்பரில் ஆளுக்கு விழுந்த கிலோ கூடியது. அந்தப் பெண்களுக்குக் கையில் வந்த காசும் கூடியது. அதைவிட முக்கியமானது எங்கள் நடத்தை மாறியது. எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா வாரத்தில் ஆள் வராது என்று தெரிந்து, அந்த மாசக் கொழுந்தை நாங்களே குறைத்து எழுதியிருந்தோம். குறைத்தது போக எழுதிய மிச்சத்தை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று, திருவிழாவுக்கு முன்பே கொழுந்தெடுக்கும் ரவுண்டைச் சுருக்கி (இடைவெளி நாட்களைக் குறைத்து) ஓட்டினோம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. எண் எங்களுடையது, அது பொய்க்கக் கூடாது என்ற எண்ணம்தான். அந்த வருஷம் மழையும் நேரத்துக்குப் பெய்தது, விலையும் பரவாயில்லை. ஆகவே கிடைத்த லாபம் முழுவதும் அந்தக் கூட்டங்களால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் தேயிலை தெரிந்தவர்கள் என்னை விடமாட்டார்கள்.

கம்பனி மாறி, வேறொரு தோட்டத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே கேட்பதற்கென்றே அழகான படிவம் இருந்தது. மலை மலையாக நிரப்பி அனுப்பினோம். திரும்பி வந்தபோது ஒவ்வொரு கட்டத்திலும் வேறு எண். காரணம் ஒரு வரிகூட இல்லை. அடியில் "தயாரித்தவர்" என்ற இடத்தில் என் கையெழுத்தைக் கேட்டார்கள். ஏன் கூட்டினீர்கள் என்று கேட்டதற்கு, "மேலே முடிவாகிவிட்டது" என்று பதில். கேட்காத காலத்தில்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்ததில்லை. அப்போது அது அவர்கள் எண், இப்போது என் பேரில் அவர்கள் எண்.

அதன் கொடுமை 2021இல் முழுசாகத் தெரிந்தது. முந்தின வருஷமே எஸ்டிமேட் முடிந்திருந்தது, உரம் உண்டு என்ற கணக்கில். 2021 மே மாசம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. வருஷக் கடைசிக்குள் தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் தேயிலைச் செடி அதற்குள் வாடிவிட்டது. நாடு முழுக்க 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிச் சொச்சத்துக்கு இறங்கியது. எங்கள் எஸ்டிமேட்டில் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. எஸ்டிமேட்டுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் அறிக்கை மாசாமாசம் வந்தது: "குறைவுக்குக் காரணத்தையும் எடுத்த நடவடிக்கையையும் எழுதவும்." உரம் இல்லை என்று எழுதினால், "இது பொதுவான காரணம், உங்கள் டிவிஷனுக்குரிய காரணத்தை எழுதவும்" என்று திருப்பி அனுப்பினார்கள். என்னோடு இருந்த இரண்டு கெட்டிக்கார உத்தியோகத்தர்கள் அந்தக் காலத்தில்தான் வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போனார்கள்.

என் மகள் கணக்கியல் படித்தபோது அவளுடைய பாடக்குறிப்புகளை நான் ஆசையாக வாங்கிப் பார்ப்பேன். கிறிஸ் ஆர்ஜிரிஸ் என்ற அமெரிக்கர் 1952லேயே தொழிற்சாலை மேற்பார்வையாளர்களைப் பார்த்து இதைத்தான் எழுதியிருக்கிறார்: பேச விடாமல் தலையாட்ட மட்டும் விட்டால் அது போலிப் பங்கேற்பு என்று. கென் மிலானி 1975இல் வெளியிட்ட ஆய்வில், பட்ஜெட்டில் பங்கு கிடைத்த மேற்பார்வையாளர்களுக்கு வேலை மீதும் கம்பனி மீதும் இருந்த மனப்பான்மை நன்றாக இருந்தது. செயல்திறனோடு இருந்த தொடர்பு பலவீனமானது. பீட்டர் பிரவுனல் 1980களின் தொடக்கத்தில் எழுதியது எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது. விளைவு தன் கையில் இருக்கிறது என்று நம்புகிறவருக்குத்தான் பங்கேற்பு பலன் தரும், எல்லாம் விதி, மேலிடம் என்று நினைப்பவருக்குத் தராது என்பது அவருடைய முடிவு. நான் ஒன்று சேர்ப்பேன். அந்த நம்பிக்கை பிறவியிலேயே வருவதில்லை. ஏழாம் நம்பர் மடுவம் கண்முன்னே எழும்பியபோது எங்கள் கங்காணிக்கே அது வந்தது. 2021 அறிக்கைகள் எனக்குள் இருந்ததையும் அரித்துவிட்டன.

இரண்டு ஆட்சேபம் வரும் என்று தெரியும்.

முதலாவது, கீழே உள்ளவர்களைக் கேட்டால் எண்ணைக் குறைத்தும் செலவைக் கூட்டியும் எழுதிப் பதுக்கிவைப்பார்கள் என்பது. பதுக்குவார்கள், உண்மைதான். கேட்டது எதுவானாலும் பத்து வீதம் வெட்டுகிற துரையிடம் எல்லோரும் பத்து வீதம் கூட்டித்தான் எழுதினார்கள். காரணம் சொல்லி வெட்டுகிறவரிடம் அப்படி எழுத வெட்கமாக இருந்தது. அவர் மலையை நடந்து பார்த்தவர், பொய் எழுதினால் அகப்படும் என்ற பயமும் இருந்தது. நடந்து பார்க்க நேரமில்லாத தலைமையகம் இந்தக் குற்றச்சாட்டைச் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. கொழுந்தெடுக்கிறவர்களுக்கு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கிடைக்கவே வருஷக்கணக்காகப் போராட்டம் நடந்து, 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. நீ உத்தியோகத்தருடைய மனத்திருப்தியைப் பேசுகிறாயா என்பீர்கள். நான் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்தவன், எனக்கு அந்தக் கணக்கு தெரியும். உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் சம்பளம்தான், அதன் அளவு தோட்டத்தில் முடிவாவதும் இல்லை. ஆனால் அந்தச் சம்பளத்துக்கு ஒருவர் எவ்வளவு தூரம் சாக்குச் சுமக்க வேண்டும், எந்த மலையில் அட்டைக்கும் பாறைக்கும் நடுவே நிற்க வேண்டும் என்பது தோட்டத்தில் முடிவாகிறது. அந்த முடிவுகள் எஸ்டிமேட்டில் இருக்கின்றன. கங்காணியைக் கேட்டால்தான் அவை வெளியே வரும்.

இதோடு நிறுத்தலாம், ஆனால் ஒன்று நெஞ்சில் கிடக்கிறது. உங்கள் கேள்வியில் "முகாமையாளர்கள்" என்று இருக்கிறது. மலையகத்தில் அந்தக் கதிரைக்கு எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள்? சின்னத்துரை (உதவி முகாமையாளர்) வேலைக்கு நான் நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது கவ்வாத்தைப் பற்றியோ கொழுந்தைப் பற்றியோ கேட்கவில்லை. எந்தக் கொலிஜ், ரக்பி விளையாடினீர்களா என்றார்கள். எங்கள் தோட்டப் பாடசாலையில் விளையாட ஒரு மட்டமான நிலமே கிடையாது. தெரிவானவர் ஒரு பெரிய நகரப் பாடசாலையில் ரக்பி விளையாடிய பையன். நல்ல பையன்தான், குறை சொல்லவில்லை. மலையில் அவருக்கு வேலை பழக்கியது நானும் அந்தக் கங்காணியும். வருஷக் கடைசியில் எஸ்டிமேட் கூட்டத்தில் உட்கார்ந்தது அவர். இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது என்கிறார்கள். போதாது.

சரி, உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். வினாக்கொத்தில் "உங்கள் கருத்துக் கேட்கப்பட்டதா?" என்று மட்டும் போடாதீர்கள், எல்லோரும் ஆம் என்றுதான் எழுதுவார்கள். நீங்கள் கொடுத்த எண் மாறியதா, மாற்றியவர் காரணம் சொன்னாரா, வருஷ நடுவில் நிலைமை மாறியபோது எஸ்டிமேட்டும் திருத்தப்பட்டதா என்று கேளுங்கள். துரைமாரோடு நிறுத்தாமல் வெளிக்கள உத்தியோகத்தர், டீமேக்கர், கிளாக்கர், கங்காணி வரை போங்கள். ஆங்கிலத் தாளை மட்டும் கொண்டு வந்தால் துரையே எல்லோருக்கும் சேர்த்து நிரப்பிக் கொடுத்துவிடுவார். தமிழிலும் சிங்களத்திலும் அடித்துக்கொண்டு வாருங்கள். மாசக் கடைசியில் வராதீர்கள், செக்ரோல் (சம்பளப் பதிவேடு) முடிக்கும் நாட்களில் ஒருவரும் உங்களோடு பேச மாட்டார்கள். ஊவாப் பக்கம் வருவதென்றால் சொல்லுங்கள், மலை காட்ட நான் வருகிறேன்.