டவுன்டன் விருந்தில் யார் பரிமாறுவது?

வணக்கம்.

நான் இங்கிலாந்தின் ரெடிங்கில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். ஒரு பிரபு குடும்பத்தையும் அவர்கள் மாளிகை வேலையாட்களையும் பற்றிய ‘டவுன்டன் அபி’ டிவி தொடர் என்றால் உயிர். அடுத்த மாதம் என்னுடன் வேலை பார்க்கிறவர்களை வீட்டுக்கு அழைத்து, எல்லோரும் அந்தக் கால உடையில் சேர்ந்து ஓர் எபிசோடு பார்க்கலாம் என்று திட்டம். தொப்பி, முத்துமாலை, ஸ்கோன், டீ எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன். என் மகளும் அவள் தோழியும் கறுப்பு கவுன், வெள்ளை ஏப்ரனில் பரிமாறுகிறோம் என்கிறார்கள். எந்த எபிசோடு போடலாம்? வேறு என்ன செய்யலாம்?

சுபா

அன்புள்ள சுபா,

பிள்ளைகளின் உற்சாகம் பிடித்திருக்கிறது. ஆனால் அவர்கள் இருவர் மட்டும் மாலை முழுக்க நிற்க, மற்ற எல்லோரும் கிராலி என்ற அந்தப் பிரபு குடும்பமாக உட்கார்ந்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தத் தொடர் அப்படிப்பட்டது இல்லை. 1912 ஏப்ரல், டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு கதை தொடங்குகிறது. அந்தச் செய்தி பிரபுவின் காதுக்குப் போகும் முன்பே, விடியற்காலையில் எழுந்து அறை அறையாகக் கணப்பு மூட்டும் சமையற்கட்டு வேலைக்காரப் பெண் டெய்ஸியைப் பார்த்துவிடுகிறோம். தொடரின் எழுத்தாளர் ஜூலியன் ஃபெலோஸ், மேல்தளத்தில் இருக்கும் குடும்பத்துக்குக் கொடுத்த அக்கறையைக் கீழ்தளத்தில் இருக்கும் வேலையாட்களுக்கும் கொடுத்து எழுதினார். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே அதற்காகத்தான்.

ஆகவே வாசலிலேயே சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளும் தோழியும்கூட எடுக்கட்டும். பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே. மேலே வந்தவர்களுக்கு சோபா, பீங்கான் கோப்பை, ஸ்கோன். கீழே வந்தவர்களுக்கு அதே ஹாலில் விரிப்பில்லாத ஒரு மர மேசை, எனாமல் குவளை, ரொட்டி, ஸ்ட்யூ. நடுவில் ஒரு கைமணி. தொடரில் வேலையாட்களின் கூடத்துச் சுவரில் மணிகள் வரிசையாகத் தொங்கும். ஒன்று அடித்ததும் சாப்பிடுகிறவர் பாதியில் எழுந்து ஓடுவார். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். இது ஐடிவி என்ற பிரிட்டிஷ் சேனலில் விளம்பரங்களோடு ஒளிபரப்பான தொடர், நடுநடுவே இடைவெளி தானாக விழும். அங்கே நிறுத்தி, மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் இடம் மாறிக்கொள்ளுங்கள்.

பரிமாறுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பிரபுவின் மேசையில் யாரும் விருந்தாளியின் தட்டில் எடுத்து வைப்பதில்லை. ஃபுட்மேன் எனப்படும் பரிமாறும் வேலையாள் பாத்திரத்தை விருந்தாளியின் இடது பக்கம் தாழ்த்திப் பிடிப்பார். விருந்தாளி பேச்சை முடித்துக்கொண்டு, மெதுவாகத் தானே எடுத்துக்கொள்வார். கனமான பீங்கான் பாத்திரத்தை ஒரே ஒரு சுற்று அப்படிக் குனிந்து ஏந்திப் பாருங்கள், அந்த வேலை தோளில் தெரியும்.

உடை விஷயத்தில் அதிகம் மெனக்கெட வேண்டாம். தொப்பி பகலுக்கானது, இரவு உணவு மேசையில் கிடையாது. டியாரா என்ற சிறு தலைக்கிரீடம் மணமான பெண்களுக்கு மட்டும்.

எபிசோடு என்று கேட்டால், முதல் சீசனில் சமையல்காரி மிஸஸ் பேட்மோர், ராஸ்பெர்ரி மெரிங் என்ற இனிப்பில் சர்க்கரைக்குப் பதில் உப்பைத் தூவிவிடும் அந்த விருந்தைத்தான் சொல்வேன். மேலே விருந்தாளி சர் ஆன்டனி ஸ்ட்ராலன் ஒரு வாய் வைத்ததும் திணறுகிறார். கீழே சமையற்கட்டில் அந்த அம்மாள் உடைந்து அழுகிறார். கண் மங்கி வருவதை வேலை போய்விடும் என்ற பயத்தில் அதுவரை மறைத்து வந்தவர். அவர் எல்லோரையும் திட்டித் தீர்த்ததெல்லாம் எதை மூடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிகிறது. நோயை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், உங்கள் கூட்டம் இந்தக் காட்சியைச் சும்மா விடாது. பின்னால் பிரபுவே அவரை லண்டனுக்கு அனுப்பி அறுவை சிகிச்சை செய்ய வைக்கிறார் என்பதை, பார்க்காதவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த ராஸ்பெர்ரி மெரிங்கை நீங்களும் செய்யுங்கள், சர்க்கரை போட்டு. எபிசோடு முடிந்ததும் எல்லோரும் மர மேசைக்கே வந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். பேச்சு அங்கேதான் களைகட்டும்.

இன்னொன்று. படம் பிடித்த ஹைகிளியர் மாளிகை நியூபரி பக்கம்தான், உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரம். பொதுமக்களுக்குக் குறிப்பிட்ட காலங்களில் மட்டுமே திறப்பார்கள், முன்பதிவு செய்துகொண்டு போங்கள். டெய்ஸியின் சமையற்கட்டை அங்கே தேட வேண்டாம். அது ஈலிங் ஸ்டுடியோவில் போட்ட செட்.