அப்பாவுக்கு இதய பம்ப் வைக்கலாமா? கரன்ட் போனால் என்ன ஆகும்?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மாரடைப்புக்குப் பிறகு இதயம் பலவீனமாகிவிட்டது. இந்த ஆண்டில் மட்டும் மூன்று முறை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்கோவில் இதயம் 18 சதவீதம்தான் வேலை செய்கிறது என்றார்கள். இப்போது பம்ப் வைப்பதைப் பற்றி டாக்டர் பேசுகிறார். அதை வைத்துக்கொண்டு வீட்டில் எப்படி இருப்பது? கரன்ட் போனால் என்ன ஆகும்?

பதில்: முதலில் அந்த 18. இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. நல்ல இதயமே ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதம்தான் தள்ளும். நூறு யாருக்கும் கிடையாது. 18 மிகக் குறைவுதான், ஆனால் அந்த எண்ணைவிட மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ரத்த அழுத்தம் தாழ்ந்து, இதய மாத்திரைகளைக் குறைக்க வேண்டி வந்ததா? சிறுநீர் மாத்திரையின் அளவு கூடிக்கொண்டே போகிறதா? சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள் மோசமாகின்றனவா? இவற்றுக்கு ஆம் என்றால் பம்ப் பற்றிப் பேச இதுதான் நேரம். சிறுநீரகமும் கல்லீரலும் நலிந்து, ஆள் படுத்த படுக்கையான பிறகு வருகிறவர்களுக்கு அறுவை சிகிச்சையே பெரிய ஆபத்தாகிவிடுகிறது.

எல்வாட் எனப்படும் இந்தக் கருவிக்காக அப்பாவின் இதயத்தை எடுத்துவிட மாட்டார்கள். அதன் நுனியில் பம்பைப் பொருத்துவார்கள். இடது கீழறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி, ஒரு குழாய் வழியாக, உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனிக்குள் தள்ளுவது அதன் வேலை. இப்போது அதிகம் பயன்படும் ஹார்ட்மேட் 3 பம்பின் எடை சுமார் 200 கிராம். அதற்குள் சுழலும் சக்கரம் எதையும் தொடாமல் காந்த விசையில் மிதக்கிறது. தேய்மானம் இல்லை, ரத்தம் உறைவதும் குறைவு. முந்தைய மாடலோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில், இதைப் பொருத்தியவர்களில் 58 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். பழைய மாடலில் அது 44.

பம்ப் ரத்தத்தை இடைவிடாமல் தள்ளுவதால், பலருக்கு மணிக்கட்டில் நாடி பிடித்தால் ஒன்றும் தெரியாது. வீட்டு பிபி மெஷினும் பல நேரம் அளவு காட்டாது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ‘லப்-டப்’புக்குப் பதிலாக மோட்டார் ரீங்காரம் கேட்கும். இது தெரியாதவர் அப்பா மயங்கிக் கிடக்கும்போது நாடியைப் பார்த்துத் தப்பான முடிவுக்கு வந்துவிடலாம். அதனால் பம்ப் பொருத்தியிருப்பதையும் டாக்டர் குழுவின் தொலைபேசி எண்ணையும் எழுதிய அட்டை எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும்.

சரி, கரன்ட். பம்பிலிருந்து ஒரு கேபிள் வயிற்றுத் தோல் வழியாக வெளியே வந்து, இடுப்பில் மாட்டும் கண்ட்ரோலரில், அதாவது பம்பை இயக்கும் சின்னப் பெட்டியில், சேரும். பகலில் இரண்டு பேட்டரிகளில் ஓடும். முழு சார்ஜில் ஒரு ஜோடி 17 மணி நேரம் வரை தாங்கும். தூங்கும்போது மட்டும் சுவர் பிளக்கில் இணைப்பார்கள். நடு இரவில் கரன்ட் போனால் அலாரம் அடிக்கும். கண்ட்ரோலருக்குள் இருக்கும் அவசர பேட்டரி குறைந்தது 15 நிமிடம் கைகொடுக்கும். அதற்குள் பேட்டரிக்கு மாற வேண்டும். ஆகவே சார்ஜ் ஏற்றிய பேட்டரிகள் கட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பீரோவில் அல்ல. கண்ட்ரோலருக்கு மின்சாரம் தரும் இரண்டு ஒயர்களில் ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கழற்றவே கூடாது. வெளியே போனால் உபரி கண்ட்ரோலரும் பேட்டரியும் கூடவே போகும்.

என் அனுபவத்தில், கரன்ட்டைவிட அதிகத் தொல்லை தருவது கேபிள் வெளியே வரும் அந்தச் சின்ன ஓட்டை. அங்கே கிருமி புகுந்தால் லேசில் விடாது. கை கழுவி, கிருமி நீக்கிய முறையில் கட்டு மாற்ற வேண்டும். கேபிள் இழுபடாமல் வயிற்றோடு ஒட்டி வைக்க வேண்டும். சிவப்பு, சீழ், புது வலி எது வந்தாலும் அன்றே காட்டுங்கள். புண் ஆறியபின், கண்ட்ரோலரையும் பேட்டரியையும் நீர் புகாத மூடுபையில் போட்டுக் குளிக்கலாம். நீச்சலும் எம்ஆர்ஐ ஸ்கேனும் கிடையாது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கட்டாயம். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை அளவு பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் குடலில் ரத்தக் கசிவு இருக்கலாம். பேச்சு குழறினால் பக்கவாதமா என்று உடனே பார்க்க வேண்டும். அப்புறம், இத்தனை நாள் தண்ணீரை அளந்து குடித்துப் பழகியவர் பழைய கணக்கிலேயே இருந்துவிடக் கூடாது. வாந்தி, பேதியில் உடல் வறண்டால் உறிஞ்சப் போதிய ரத்தம் இல்லாமல் பம்ப் திணறும்.

இந்த பம்ப் இடது பக்கத்துக்கு மட்டும்தான் துணை. வலது பக்கமும் சோர்ந்திருந்தால், வந்து சேர வேண்டிய ரத்தமே பம்புக்கு வராது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: வலது கீழறை எப்படி இருக்கிறது? அடுத்தது, மாற்று இதயம் கிடைக்கும் வரைக்கா, இல்லை வாழ்நாள் முழுவதற்குமா? அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் டிக் செனிக்கு 2010-இல் பம்ப் வைத்து, 2012-இல் மாற்று இதயம் பொருத்தினார்கள். மாற்று இதயத்துக்குத் தகுதி இல்லாதவர்கள் பம்போடு பல ஆண்டுகள் வாழ்வதும் உண்டு.

அந்தச் சந்திப்புக்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள். கட்டு மாற்றவும் அலாரம் அடித்தால் எழுந்து பேட்டரி மாற்றவும் வீட்டில் இரண்டு பேராவது பழக வேண்டும். அந்த இரண்டாவது ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பாவுக்கு இதில் விருப்பம் இருக்கிறதா என்பதையும் அவர் வாயாலேயே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.