மைக் இருக்கும் இடமே அரண்மனை

கேள்வி: ஊரில் நண்பர்களோடு சேர்ந்து நாடகம் போட்ட அனுபவம் உண்டா? திரைக்குப் பின்னால் என்னதான் நடக்கும்?

உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு ராஜா ராணி நாடகம் போட்டோம். எழுத்து, இயக்கம், பிராம்ட் (மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது) மூன்றும் நான்தான். வேறு யாரும் அகப்படவில்லை என்பதுதான் என் தகுதி.

திரைக்குப் பின்னால் நடப்பது இருக்கட்டும், முதலில் ஒத்திகை நடக்க வேண்டுமே. எங்கள் அமைச்சர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். விடியும் முன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும் என்பதால் இரவு எட்டரைக்கெல்லாம் கண் சொருகிவிடும். தளபதிக்குக் குளச்சலில் கடை. அடைத்துவிட்டு வர ஒன்பதரை ஆகும். ஆக இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியது நாடகத்தன்றுதான். கதைப்படி அவர்கள் பால்ய நண்பர்கள். ராணிக்கு ஆளே கிடைக்காததால் அவர் கடைசிவரை தாய்வீட்டிலேயே இருந்தார்.

ராஜா வேடம் பந்தல் செலவை ஏற்றுக்கொண்ட அண்ணனுக்கு. கடைசிக் காட்சியில் ராஜா சாக வேண்டும். “பிள்ளையள் முன்வரிசையில இருக்கும், நான் செத்தா நல்லா இருக்காது வேய்” என்றார். சரி, ராஜா பிழைத்துக்கொண்டார். ‘கண்ணீர்க் காவியம்’ என்று நோட்டீஸ் ஏற்கெனவே அச்சாகியிருந்தது, அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

என்னைக் கேட்டால் இந்த மாதிரி மேடைக்கு இயக்குநரே தேவையில்லை, மைக்செட்காரர் போதும். மேலே கம்பியில் இரண்டு மைக் தொங்கும். வசனம் உள்ளவர் அதன் கீழே வருவார், இல்லாதவர் ஒதுங்கி வழிவிடுவார். எங்கள் வாள்சண்டை முழுக்க இப்படித்தான் நடந்தது: நாலு வெட்டு, மைக்குக்கு வருவது, ஒரு சபதம், மறுபடி நாலு வெட்டு. குத்துப்பட்டு ஓரமாக விழுந்த தளபதி தன் கடைசி வசனத்துக்காக எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு மைக்குக்கு வந்து, பேசி முடித்து, திரும்பிப் போய் அதே இடத்தில் படுத்தார். அன்றைக்கு அதிகமாகக் கைதட்டு வாங்கிய இடம் அதுதான்.

நான் சைடு படுதாவுக்குப் பின்னால் நோட்டோடு நின்றேன். ஒரு மைக் எனக்குப் பக்கத்தில். அதனால் ஒவ்வொரு வசனமும் சபைக்கு இரண்டு தடவை கேட்டது, முதலில் என் குரலில், பிறகு நடிகர் குரலில். நடுவில் “அண்ணே, கிரீடம் சாயுது” என்று நான் மெதுவாகச் சொன்னது கோயில் முக்குவரை போயிருக்கிறது. ராஜா கிரீடத்தை நிமிர்த்தினார். “இப்பம் சரி” என்று முன்வரிசையில் ஒரு குரல் வந்தது.

மீசை தனிக் கதை. ஸ்பிரிட் கம் போட்டுத்தான் ஒட்டினோம். பந்தல் புழுக்கத்தில் வேர்த்து, அமைச்சரின் மீசை ஒரு பக்கம் விட்டுத் தொங்கியது. அவர் யோசிப்பதுபோல விரலை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டே மீதிக் காட்சியை ஓட்டினார். நல்ல நடிப்பு என்று இன்றுவரை பேச்சு.

எங்கள் மாவட்டத்தில் காமெடி வேடம் போடுகிறவன் பாடு இன்னும் கஷ்டம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908இல் பிறந்தது நாகர்கோவில் ஒழுகினசேரியில். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து மேலே வந்தவர். அதனால் மேடையில் யார் சிரிப்பு மூட்ட முயன்றாலும், “கிருஷ்ணன் செய்திருந்தா எப்பிடி இருக்கும் தெரியுமா” என்று சொல்ல ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார். அந்தக் காலத்தில் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களைக் கூடவே தங்கவைத்து, சோறு போட்டு, வாத்தியார் வைத்துப் பாடம் பண்ணவைத்தார்கள். எங்கள் காமெடியனுக்கு நாங்கள் கொடுத்தது கட்டன்சாயாவும் ரசவடையும். அதற்கேற்றபடிதான் செய்தான், குறை சொல்ல மாட்டேன்.

நீங்களும் போடும் எண்ணத்தில் இருந்தால், பிராம்ட் செய்பவரை மைக்குக்கு எட்டாத இடத்தில் நிறுத்துங்கள். தேதி வைக்கும்போது எங்கள் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். நாங்கள் பிப்ரவரியில் வைத்ததால் தப்பித்தோம். பணம் போடுகிறவரையே ராஜாவாகப் போடத் தயங்காதீர்கள். பந்தல்காரர் பாக்கி கேட்டு வரும்போது “ராஜா வீடு எது?” என்று விசாரித்தால் போதும், சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.