சட்டையில் பேட்ஜ் இல்லாத பையன்

கேள்வி: எங்கள் சபையில் சனிக்கிழமைதோறும் சிறுவர் குழு நடத்துகிறேன். எட்டு முதல் பதினான்கு வயது வரை 26 பிள்ளைகள். வசன மனப்பாடம், முதலுதவி, முடிச்சு, இயற்கை அறிவு என்று பேட்ஜ்கள் உண்டு. ஆண்டு விழாவில் ஆயர் கையால் கொடுப்போம். இந்த முறை நான்கு பிள்ளைகளே ஏறக்குறைய எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்கள். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து வரும் பத்து வயதுப் பையனுக்கு ஒன்றுகூட இல்லை. விழாவுக்குப் பிறகு அவன் வருவதே இல்லை. பேட்ஜையே நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நிறுத்த வேண்டாம், சகோதரி. முதலில் அந்தப் பையன் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பேட்ஜ் பேச்சையே எடுக்காதீர்கள். "உன்னைக் காணோமே என்று பார்க்க வந்தேன்" என்றால் போதும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் குழுவில் பேட்ஜ் பரிசாக மாறிவிட்டது என்று நினைக்கிறேன். பரிசில் முந்தியவன், பிந்தியவன் உண்டு. பேட்ஜ் என்பது "இந்த வேலை இவனுக்குக் கைவந்துவிட்டது" என்று ஊரறியச் சொல்வது. 26 பேருக்கும் கைவந்தால் 26 பேருக்கும் கொடுக்க வேண்டியதுதான்.

1883இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கும் பையன்களால் தலைவலிதான். பாடத்தில் அடங்கி உட்காராத அவர்களுக்காக அணிவகுப்பும் உடற்பயிற்சியும் சேர்த்து அவர் தொடங்கியதே பாய்ஸ் பிரிகேட் என்ற கிறிஸ்தவச் சிறுவர் இயக்கம். எபிரெயர் 6:19இல் வரும் நங்கூரம்தான் அதன் சின்னம். உட்கார்ந்து ஒப்பிக்க முடியாத பிள்ளைகளுக்காகப் பிறந்த வழி இது. அதிலும் நன்றாக ஒப்பிப்பவர்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

முதலுதவி பேட்ஜுக்கு எழுத்துத் தேர்வு வைக்கிறீர்களா? வைத்தால் விட்டுவிடுங்கள். ஒரு முக்கோணத் துணியைக் கையில் கொடுத்து, நண்பனின் கைக்குத் தூளி கட்டச் சொல்லுங்கள். முழங்கையை விட விரல்கள் சற்று உயர்ந்திருக்கின்றனவா, முடிச்சு பின்கழுத்து எலும்பில் அழுத்தாமல் கழுத்தின் பக்கவாட்டில், காறை எலும்புக்கு மேலே விழுந்திருக்கிறதா, கட்டி முடித்ததும் விரல் நுனியின் நிறத்தைப் பார்த்தானா என்று மட்டும் கவனியுங்கள். தப்பினால் அடுத்த வாரம் மறுபடி கட்டட்டும். எத்தனையாவது முறையில் தேறினான் என்று எங்கும் குறிக்காதீர்கள்.

இயற்கை பேட்ஜும் அப்படியே. படப்புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போங்கள். தவிட்டுப்பழம் எந்தப் புதரில் கிடைக்கும், உண்ணிச்செடி எங்கெல்லாம் பரவியிருக்கிறது, தேயிலைக்குள் காட்டெருமை நின்றால் எந்தப் பக்கமாக விலகிப் போவது என்பதெல்லாம் லைன் வீட்டுப் பிள்ளைகள் தினமும் நடந்து கற்ற பாடம். அந்தப் பையன் திரும்பி வந்ததும் முதல் நாளே அவனை முன்னால் நடக்கவிட்டு, மற்றவர்களுக்குக் காட்டித்தரச் சொல்லுங்கள். இரக்கப்பட்டு ஒரு பேட்ஜைக் குத்தி மட்டும் விடாதீர்கள். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

வசன பேட்ஜ் இருக்கட்டும். எட்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் ஒரே அளவுகோல் வேண்டாம். வாசிக்கத் திணறும் பிள்ளை நல்ல சமாரியன் கதையைத் தன் சொந்த வார்த்தையில் சொன்னாலும் தேறியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு விழா வரை காக்கவைக்காமல், தேறிய வாரமே குழுவின் நடுவில் கொடுங்கள். பேட்ஜுக்கென்று பெற்றோரிடம் பணம் கேட்காதீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தையல் தெரிந்த அக்காமார் இருப்பார்கள். துணியும் நூலும் வாங்கிக் கொடுத்தால் மகிழ்ச்சியாகச் செய்து தருவார்கள்.

இன்னொன்று. கூட்டத்தை நாலரைக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. கரடியும் காட்டெருமையும் நடமாடும் பாதை வேறு. லைன் பக்கம் போகும் பிள்ளைகளோடு பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டுவாசல் வரை போய்வரட்டும்.