இடுப்பு எலும்பில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடுமா?

அப்பாவுக்கு 58 வயது. ஹீமோகுளோபின் 7, வெள்ளையணு 2,400, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு (பிளேட்லெட்) 45,000, மூன்றுமே குறைவு. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர், இடுப்பில் குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள், என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

செய்துவிடுங்கள் அம்மா, தள்ளிப் போடாதீர்கள்.

மஜ்ஜையையும் தண்டுவடத்தையும் ஒன்றாக நினைப்பதால் வரும் பயம் இது. தண்டுவடம் நரம்பு, அது இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவதோ பிட்டத்துக்குச் சற்று மேலே, அழுத்தினால் கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டில். இதே பயத்தில் இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, தட்டணு இன்னும் இறங்கிய பிறகு வருகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆட்டு நல்லியைத் தட்டி உறிஞ்சுகிறோமே, அதுவும் மஜ்ஜைதான், ஆனால் அதில் பெரும்பாலும் கொழுப்பு. ரத்தம் ஊறுவது சிவப்பு மஜ்ஜையில். குழந்தைக்கு அது எல்லா எலும்பிலும் இருக்கும், வளர வளர இடுப்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா, மண்டையோடு என்று ஒதுங்கிவிடும், அதனால்தான் டாக்டர் இடுப்புக்கு வருகிறார். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள், தட்டணுவுக்குப் பத்து நாள்தான், ஆகவே மஜ்ஜைக்கு ஓய்வே கிடையாது, சிவப்பணு மட்டுமே நாளைக்குச் சுமார் 20,000 கோடி செய்கிறது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் சேர்ந்து குறைந்தால் ஊற்றையே பார்த்தாக வேண்டும். உடனே புற்றுநோய் என்று முடிவு கட்டாதீர்கள், பி12 சத்துக் குறைவிலும் இப்படி ஆகும், அதை ஊசி மருந்திலேயே சரிசெய்துவிடலாம்.

வலிக்குமா? ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோலையும் எலும்பின் மேற்பரப்பையும் மரத்துப்போகச் செய்துவிடுவார்கள். உள்ளே மரக்காது, அதனால் உறிஞ்சும் அந்தச் சில விநாடி சுரீரென்று இழுக்கும், அதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடுத்தது உறைவதற்குள் பக்கத்திலேயே கண்ணாடிச் சில்லில் விட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள், ரத்தம் வழிந்ததும் பொடிப்பொடியாக மணிகள் ஒட்டி நின்றால் மஜ்ஜை வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் தீக்குச்சி கனத்தில் ஒரு துண்டு எலும்பும் எடுப்பார்கள்.

தட்டணு 45,000 இருக்கும்போது குத்தலாமா என்றால், குத்தலாம், அந்த இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார் என்றால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கட்டு ஒரு நாள் நனையக் கூடாது. கட்டை மீறி ரத்தம் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.